நாட்டு மருந்தும் 663 நாளும்

கீழ்க் கோர்ட்டில் மறுஆய்வு மனு போட 30 நாள் கெடு. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு, 'போதிய காரணம்' இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளில் அந்தப் போதிய காரணத்தின் செல்லப் பெயர் மஞ்சள் காமாலை.

அபிடவிட்டில் மனுதாரர் படுத்த படுக்கையாவார். நாட்டு மருந்துதான் சாப்பிடுவார். ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்காது. வக்கீலை வந்து பார்க்கவே முடியாது. மனு டைப் ஆகிற வாரம் பார்த்து எழுந்து நடப்பார். குமாஸ்தா பழைய மனுவை எடுத்துப் பெயரையும் நாள் கணக்கையும் மாற்றுவார். சில சமயம் பெயர் அப்படியே நின்றுவிடும். 'மேற்படி காமாலை மறுக்கப்படுகிறது' என்று எதிர்த்தரப்பு பதில் போடும். கல்லீரல் பாவம், அதை யாரும் விசாரிப்பதில்லை.

அரசாங்கத்துக்கு நோய் வராது, கோப்பு நகராது. 2020இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் பிந்தி, ஆவணங்களைத் திரட்டுவதில் தாமதம் என்று சொல்லிக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனது. இவை 'சான்றிதழ் வழக்குகள்' என்றது நீதிமன்றம். அதாவது, தள்ளுபடி உத்தரவை வாங்கிக் கோப்பில் செருகி, 'எங்களால் ஆனதைச் செய்தோம்' என்று மூடிவிட வரும் வழக்குகள். கேட்ட சான்றிதழ் கிடைத்தது. கூடவே 25,000 ரூபாய் செலவுத்தொகையும், அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கும்படி.