நாலரை கிலோவும் நாலு வீட்டு யோசனையும்

மலை நடைக்குச் சுமக்கும் பையின் எடையில் சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது அடிப்படை எடை. அது பத்து பவுண்டுக்குள், அதாவது சுமார் நாலரை கிலோவுக்குள் அடங்கினால் சுமப்பவர் அல்ட்ராலைட் ஆசாமி. வடசென்னையின் தண்டையார்பேட்டையில் இந்த வரம்பைத் தெருமுனை வருவதற்குள்ளேயே தாண்டிவிடுகிறார்கள். அம்மா மடித்து வைக்கும் கம்பளி, அத்தை கொடுத்தனுப்பும் தைலம், எதிர்வீட்டு அக்காவின் பெரிய டார்ச், மாடிவீட்டு அண்ணன் தன் மச்சானிடம் இரவல் வாங்கித் தரும் எஃகுக் குடுவை என்று எல்லாம் உள்ளே போகும். வேண்டாம் என்றால் பதில் தயாராக இருக்கும்: “வழில இன்னா கிடைக்குமோ இன்னாமோ, எடுத்துனு போ.” இந்த வாக்கியம் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் பை கால் கிலோ ஏறுகிறது.

சென்னையிலிருந்து மலைக்குப் பாரத்தோடு கிளம்பும் வழக்கத்துக்கு இரு நூற்றாண்டு வயது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கினார். அதற்காக லண்டனில் செய்த தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியின் எடை அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு சேர்த்து அதைப் பிடித்துப்போய், பிறகு மொரீஷியஸிலிருந்து பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்கள். அரை டன் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கே மலைத்திருக்கலாம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. நெளிந்துபோன அந்தக் கருவியை லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார். இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பவர் அமெரிக்கப் பாட்டி எம்மா கேட்வுட். 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் நெடும்பாதையின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைத் தனியாக நடந்து முடித்தார். காலில் கான்வாஸ் ஷூ, தோளில் சொந்தமாகத் தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை. பாட்டிக்கு எதிர்வீடு இல்லை போலும்.

தண்டையார்பேட்டையில் பயிற்சிக்கு மேடு கிடையாது. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே கிடக்கும் தட்டை நிலம் அது. பக்கத்தில் மலை என்று கைகாட்டத்தக்கது கொடுங்கையூர்க் குப்பை மேடு ஒன்றுதான். அதையும் மாநகராட்சி பயோமைனிங் செய்து கரைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஹவுசிங் போர்டு மாடிப்படி இருக்கிறது. லாரித் தண்ணீரை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தில் ஏந்தி மூன்றாம் மாடிக்கு ஏறியவர்களுக்குத் தொடைப் பயிற்சி தனியாக வேண்டாம். ஆண்களில் பலர் அந்தப் படிகளைக் குடமில்லாமல் ஏறி இறங்கியே வளர்ந்தவர்கள் என்பதால், குழுவில் மூச்சு வாங்குபவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

கருவிகளுக்கு அலைய வேண்டியதில்லை. தார்ப்பாய்க்குப் பாரிமுனை, நைலான் கயிற்றுக்குக் காசிமேடு, டார்ச்சுக்குப் பர்மா பஜார். சிக்கல் என்னவென்றால், இங்கே நல்ல சரக்கு என்றால் கனமான சரக்கு. விசைப்படகு கட்டும் கயிறு உறுதியானதுதான். ஈரச் சட்டை காயப்போட அது தேவையில்லை. கூடாரத்தையோ அடியோடு விட்டுவிடலாம். தமிழ்நாட்டுக் காடுகளில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. இரண்டு கிலோவை இப்படி ஒரே போடாகக் குறைத்துத் தரும் சட்டத்தைக் குறை சொல்வது நன்றி கெட்ட செயல்.

பையில் அதிக எடை பிடிப்பது தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. எந்தத் தொழில்நுட்பமும் இதை மாற்றவில்லை. எத்தனை லிட்டர் என்பதைத் தீர்மானிப்பது தாகம் அல்ல, அடுத்த ஊற்று எங்கே என்கிற தகவல். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் இந்தத் தகவலை ஏழு மலைகளின் இடப்பெயர்களே சொல்லிவிடுகின்றன: பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை. இவற்றை வரிசையாக மனப்பாடம் செய்தவருக்கு ஒரு பாட்டில் போதும். ஆனால் லாரி வராத நாட்களைப் பார்த்த வடசென்னைக்காரர் சுனையை நம்பமாட்டார். எல்லாக் காலிப் பாட்டில்களையும் வீட்டிலேயே நிரப்பி எடுத்துவருவார். பூண்டி அடிவாரத்தில் பைகளைச் சோதிக்கும் வனத்துறையினர் பிளாஸ்டிக்கை எடுத்து வெளியே வைக்கும்போதுதான் அவர் தோளுக்கு முதல் விடுதலை.

அடுத்தது சாப்பாடு. புளிசோறு சீக்கிரம் கெடாது என்பது உண்மை. ஆனால் வெந்த சோற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். சுனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் மூட்டையைப் பிரித்துச் சாப்பிடுவதாகிவிடுகிறது. நூறு கிராம் வேர்க்கடலையில் ஐந்நூற்றைம்பது கலோரிக்கு மேல். அதே எடைச் சோற்றில் நூற்று முப்பது சொச்சம். ஆகவே கடலை மிட்டாய், அவல், பொரிவிளங்காய் உருண்டை. எடைக்கு எடை புரதம் பார்த்தால் காசிமேட்டுக் கருவாடு கடலையை மிஞ்சிவிடும். ஆனால் அதோடு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிக் கோவை வரை சக பயணிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். போவதும் சிவன் மலைக்கு. விட்டுவிடுவதே மரியாதை.

வழித்திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது வரைபடம் அல்ல, அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். விளையாட்டுப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் நாற்பது வழிகளுக்கு இணையத்தில் பதிவு செய்யலாம். மலையை அறிந்த உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். தெரிந்த பையன் ஒருத்தன் கூட்டிப்போவான் என்ற ஏற்பாடு வழித்திட்டம் ஆகாது. வெள்ளியங்கிரிக்குப் போகும் பக்தர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அங்கே பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களை அனுமதிக்கிறார்கள். இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்பது வனத்துறையின் அறிவுரை.

நேரக் கணக்குக்கு 1892இல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் சொன்ன விதி இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஒரு வழி ஆறு கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டர் என்று வைத்தால் விடை மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். நெய்ஸ்மித் நண்பர்களோடு போகவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. நடைமுறையில் ஐந்தாறு மணி ஆகும். இரவில் வெள்ளியங்கிரி ஏறுபவர்களுக்கு ஏழாவது மலையின் காற்று விடியலுக்கு முன் பல்லைத் தந்தியடிக்க வைக்கும். வடசென்னைப் புழுக்கத்தில் கேலிக்கு ஆளான அம்மாவின் கம்பளியை அப்போது நான்கு பேர் பங்குபோடுவார்கள். ஆக, கம்பளியைக் கழிக்கக் கூடாது. கழிக்க வேண்டியது எஃகுக் குடுவை.

இறக்கத்தில் மூச்சு வாங்காது, முட்டி வாங்கும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை ஏறும்போது தோளில் சாத்திக்கொண்டு நடந்தவர்கள், இறங்கும்போது அதை இரு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். இறங்கிய அன்றிரவே திரும்ப ரயில் பிடிப்பவர்கள் டிக்கெட்டைக் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடுப்பது நல்லது.