மருந்துக்கடைப் படலம்: இத்தாலிய மொழியில் வழி வினாதல் குறித்து

வழி வினாதல் இரு கூறுடைத்து: வினா, விடை. பயணிகளுக்கான கையேடுகள் முதற்கூற்றை மட்டுமே ஓதி ஒழிகின்றன. ‘ஸ்கூசி, தோவே லா ஃபார்மச்சீயா?’ (மன்னிக்கவும், மருந்துக்கடை எங்கே?) என்னும் நூற்பாவை எவரும் விமானத்திலேயே மனனம் செய்துவிடலாம். கேடு அங்கேதான் தொடங்குகிறது. பிழையறக் கேட்பவனை இத்தாலியர் மொழி அறிந்தவன் என்று நம்பி, சதுக்கம், பாலம், தேவாலயம், மைத்துனன் கடை என மூச்சுவிடாமல் பொழிந்துவிடுகிறார்கள். திக்கித் திணறிக் கேட்பவனுக்கோ விரல் நீட்டியே காட்டிவிடுகிறார்கள். எனவே மொழியறிவு பெருகப் பெருக மருந்து தொலைவாகும் என்பது பெறப்படும்.

இதனைச் சோதிக்க வெனிஸே தக்க களம். அங்கே கதவிலக்கங்கள் தெருவாரியாக ஓடுவதில்லை. நகரின் ஆறு பகுதிகளில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரே வரிசை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் எண்ணிச் செல்கிறது. முகவரி கையிலிருந்தும் பயனில்லை. ஆளைத்தான் கேட்டாக வேண்டும். ஆள் சொல்லும் விடை ‘செம்ப்ரே த்ரித்தோ’, அதாவது நேரே போய்க்கொண்டே இரு. வளையாத சந்து அரிதான ஊரில் இது எவ்வாறு பொருந்தும் என வினவின், அவ்வூரார் நடந்து பழகிய வழி அவர்களுக்கு நேர்வழியே என்க. புதியவன் அதை எழுத்துப்படி கொண்டால் கால்வாயில் முடிவான்.

புளோரன்ஸில் சிக்கல் வேறு: வீட்டுக்கு ஒரு வரிசை, கடைக்குச் சிவப்பில் இன்னொரு வரிசை. ஒரே தெருவில் இரண்டு பத்தாம் எண் இருக்கலாம். சிவப்பைத் தேடுக, மேல் விளக்கம் வேண்டா.

மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்கைக் கண்டோர் ஆய்வு முடிந்ததென மகிழ்வர். அவசரம். நண்பகலில் பல கடைகள் உணவுக்காக அடைபடும். 2006 முதல் ‘பாராஃபார்மச்சீயா’ என்றொரு கிளையினமும் பெருகியுள்ளது. மருத்துவர் சீட்டில்லா மருந்தே அங்கு கிட்டும். வாடிக்கையாளரைப் பார்த்தால் பெரும்பாலும் தோல் களிம்புக் கூட்டம் என்பேன்.

அடைத்த கடையின் கதவில் ‘தி தூர்னோ’ பட்டியல் தொங்கும்: இன்று முறைப்படி திறந்திருக்கும் கடைகள் இவை என்று. அதைப் படித்துச் சொல்ல ஒரு மூதாட்டி வாய்ப்பின், அவர் முதலில் உமக்கு என்ன நோய் என்பார். அடுத்துத் தம் இரத்த அழுத்தத்தைச் சொல்வார். பிறகு நீர் வந்த திசையிலேயே கை நீட்டுவார்.