ஒத்துக்காரன் புத்தி

மருமகனே, நல்லபடியா ஊர் வந்து சேர்ந்தாச்சு. உன் அத்தை வச்ச மிளகு ரசத்தைக் குடிச்சதும்தான் காது அடைப்பு விட்டுச்சு. ஆறு மாசம் உன் வீட்டுச் சோத்தைத் தின்னதுக்கு நன்றி சொல்லணும்னுதான் பேனாவை எடுத்தேன். கை என்னமோ உன் டல்சிமர் வாத்தியத்துப் பக்கமே இழுக்குது.

லெக்சிங்டன் வீட்டுக் கூடத்துல, டிவிக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவுல ஆணியடிச்சு மாட்டியிருக்கியே, என்ன அழகுடே அது! வால்நட் மரம், உடுக்கையப் பிடிச்சு நீளமா இழுத்துவிட்ட மாதிரி உடம்பு, மேல்பலகையில நாலு இதய ஓட்டை. நீயும் சும்மா சொல்லக்கூடாது, வாரந்தவறாம எண்ணெய் போட்டுத் துடைக்கிறே. துடைக்கிறதுல உன்னை மிஞ்ச அந்த கென்டக்கி மாகாணத்துலயே ஆள் கிடையாது. நான் இருந்த ஆறு மாசத்துல துடைச்சது இருபத்தாறு தடவை, வாசிச்சது ஒன்பது தடவை. எண்ணிப்போட்டேன். எனக்கு அங்க வேற என்ன சோலி?

‘மாமாவுக்கு சங்கீதத்தைப் பத்தி என்ன தெரியும்’னு நீ ஃபோன்ல யார்கிட்டயோ சொன்னதும் காதுல விழுந்துச்சு. வாஸ்தவம். பதினோரு வருசம் கோயில் மேளத்துல ஒத்து ஊதினவன் நான். நாயனக்காரர் தோடி, கல்யாணின்னு ஊரைச் சுத்திட்டு வருவார். நான் கன்னத்தை உப்பிக்கிட்டு ஒரே ஒரு சுரத்தைப் பிடிச்சு நிப்பேன். மூச்சு அறுந்துச்சுன்னா அவர் கண்ணால ஒரு பார்வை பார்ப்பார் பாரு, அடுத்த சம்பளம்வரைக்கும் மறக்காது. அப்படி ஒத்து ஊதியே பிழைச்சவன், உனக்கும் கொஞ்சம் ஒத்து ஊதறேன், கேட்டுக்கோ.

முதல்ல, அவசரப்பட்டு வாசிச்சுடாதே. இன்னும் நாலு புத்தகம் வாங்கு. போன தடவை வந்த புத்தகம் அருமை. பிரிச்சுப் பார்த்தா ரெண்டு கையிலயும் குச்சியை வச்சு அடிக்கிற வாத்தியம்! அதுக்கும் டல்சிமர்னுதான் பேரு. சரிவகமா இருக்கும், தந்தி கணக்கு வழக்கில்லாம கிடக்கும், நம்ம சிவகுமார் சர்மா வாசிச்ச காஷ்மீர் சந்தூருக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். உன் மடியில கிடக்கிறது கென்டக்கி மலைச்சனத்தோட மூணு தந்திப் பெட்டி. ஜெர்மன்காரங்க கொண்டுவந்த ஷைட்ஹோல்ட்டோட பேத்தின்னு சொல்றாங்க, பேர்லயே விறகு இருக்கு. புத்தகத்தைத் திருப்பி அனுப்பாம அலமாரியில அடுக்கினே பாரு, அது பெருந்தன்மை.

அடுத்தது சுருதி. தடித்த தந்தி ச, மத்த ரெண்டும் ப, இதான் பழைய கட்டு. ஃபோன்ல ஒரு செயலி, தலையில கவ்வுற கருவி ஒண்ணு, மேசையில இன்னொண்ணு, மூணையும் வச்சுக்கிட்டு மூணு தந்தியைத் திருகினே. ஆளுக்கொரு கருவியே இருந்துச்சு தந்திக்கு. அப்புறம் ‘இப்ப எல்லாரும் ச-ப-மேல் ச தான் மாமா வைக்கிறாங்க’ன்னு மூணாவது தந்தியை முறுக்கினே, மேல் ச வந்ததும் நிறுத்தியிருக்கலாம். கண்ணு கருவியில இருந்துச்சு, காது வீட்டுலயே இல்ல. ‘டப்’புனு அறுந்து உன் புறங்கையில கோடு இழுத்துச்சே, அந்தக் கோட்டை நான்தான் மஞ்சள் வச்சு ஆத்தினேன்.

அந்த ஆறரை விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஏழரையைத்தான் நாம கேள்விப்பட்டிருக்கோம். உன் வாத்தியத்துல ஆறாவது மெட்டுக்கும் ஏழாவது மெட்டுக்கும் நடுவுல ஒண்ணைச் சொருகி ‘ஆறரை’ன்னு பேரு வச்சிருக்கான்! நானும் ஒரு மத்தியானம் பூரா அதைத் தடவிப் பார்த்தேன். ச-ப-ச கட்டுல வெறுந்தந்தியிலேருந்து ஒவ்வொரு மெட்டா ஏறினா ஹரிகாம்போதி தானா வருது. ஆறாவதுல கைசிகி நிஷாதம். அதை விட்டுட்டு ஆறரையைத் தொட்டா காகலி நிஷாதம், சங்கராபரணமாப் போச்சு. பழைய ஆளுங்களுக்கு இந்த அரையெல்லாம் கிடையாது. ச-ப-ப கட்டி மூணாவது மெட்டுல ச பிடிச்சா அங்கேயே சங்கராபரணம் காத்துக்கிட்டிருக்கும். மூணாவது தந்தியைக் கைசிகி நிஷாதத்துல நிறுத்தி, ஒண்ணாவது மெட்டுல ச பிடிச்சு ஏறினா நடபைரவி. பாட்டு மாறினா ஒரு தந்தியைத் திருகுவாங்க, அவ்வளவுதான். தப்புச் சுரம் விழ இடமே இல்லாத மாதிரி மெட்டு அடிச்சு வச்சிருக்காங்க மருமகனே. அதுலயும் தப்பா வாசிக்கிறதுக்குத் தனித் திறமை வேணும். உனக்கு அது இருக்கு.

திறமை எங்க இருக்குன்னும் சொல்றேன். இடது கை அடுத்த சுரத்தைத் தேடுறப்ப உன் வலது கை நின்னுபோகுது. ஒத்துத் தந்தி ரெண்டும் ஊமையாயிடுது. நாயனத்துல அப்படி நின்னா மேளத்தைவிட்டே அனுப்பிடுவாங்க. ஒரு வாரம் இடது கையைப் பின்னால கட்டிக்கோ. வலது கையால மூணு தந்தியையும் வெளியே ஒரு வீச்சு, உள்ளே ஒரு வீச்சு. ச-ப-ப, ச-ப-ப. நீ மீட்டிங்ல தலையாட்டுறதை நான் பார்த்திருக்கேன், அதே வேகம் போதும். உனக்குச் சலிப்பு வரும். சலிப்பு வந்தப்புறம் ஒரு நாள் மாத்திரம் கூட வாசி.

மடியில வழுக்குதுன்னு நாலாயிரம் ரூவா பெறுமான பட்டை வாங்கினியே, அதைப் பத்தி உன் அம்மாகிட்ட மூச்சு விடலை. வேட்டி கட்டி முழங்காலை அகட்டி உட்கார்ந்தா நடுவுல தொட்டில் மாதிரி விழும், பெட்டி அதுபாட்டுக்குப் படுத்துக்கிடும். வழுக்குற கால்சட்டையைப் போட்டுக்கிட்டு வாத்தியத்தைக் குத்தம் சொல்றே.

அன்னைக்கு என்னை ஹிண்ட்மன் கூட்டிட்டுப் போனது மட்டும் மறக்காது. அந்த ஊர் ஓடையோட பேரே ‘தொல்லை ஓடை’! அந்தப் பக்கத்துலதானே எட் தாமஸ்னு ஒருத்தர் 1871-ல ஆரம்பிச்சு, சாகுற மட்டும் சுமார் 1,500 டல்சிமர் செஞ்சு, தள்ளுவண்டியில வச்சு மலையெல்லாம் வித்தாரு. உன்னுதும் அவர் போட்ட வடிவம்தான். அந்தக் காலத்து வாத்தியத்துல கம்பியை வளைச்சு ஆணி மாதிரி அடிச்சதுதான் மெட்டு, அதுவும் பாட்டுத் தந்திக்கு அடியில மட்டும். அதை வாங்கினவன் எந்தப் புத்தகத்தைப் பார்த்தான்? திண்ணையில ஒருத்தர் வாத்து இறகுத் தண்டால மீட்டி, விரல் நீளக் குச்சியைத் தந்தி மேல அழுத்தி இழுத்தாரே, கவனிச்சியா? நம்ம கோட்டுவாத்தியக்காரர் உருட்டுற மாதிரி, மெட்டு விட்டு மெட்டுக்கு வழுக்கிக்கிட்டே போறாரு. குச்சி தந்தியில கிறீச்சிடுது. அவரு அதைக் கண்டுக்கவே இல்ல. நீ வீடியோ எடுத்தே. நூத்திப் பதினாலாவது வீடியோன்னு நினைக்கிறேன்.

வர்ற வழியில அந்த அம்மா கதையையும் நீதான் சொன்னே. ஜீன் ரிச்சி, 1922-ல வைப்பர்ங்கிற ஊர்ல பிறந்தவங்க. விரியன் பாம்புன்னு ஊருக்குப் பேரு வைக்கிற சனம்! பதினாலு பிள்ளைங்கள்ல கடைக்குட்டி. டல்சிமரைத் தொடக்கூடாதுன்னு அப்பா கண்டிப்பாச் சொல்லியிருக்காரு. அது நாலஞ்சு வயசுலயே திருட்டுத்தனமா எடுத்து ஒரு பாட்டைத் தானாத் தட்டிப் பழகிடுச்சு. அப்பா சொல்லித்தர உட்கார்ந்தா, கை ஏற்கெனவே ஓடுது. ‘இது பிறவி வாத்தியக்காரி’ன்னுட்டாரு மனுஷன். அந்தக் கடைக்குட்டிதான் பின்னால நியூயார்க் போயி, 1963-ல டல்சிமருக்குப் புத்தகமும் எழுதினாங்க. அந்தப் புத்தகமும் உன் அலமாரியில இருக்கு, மூணாவது தட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காம.

அதைச் சொல்லி முடிச்ச கையோட, பின் சீட்டுல இருந்த உன் மகள்கிட்ட, ‘நீ மட்டும் அப்பா டல்சிமரைத் தொட்டே, பிச்சுப்புடுவேன்’னு மிரட்டினே. சரியான தகப்பன்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

நீ ஆபீஸ் போனப்புறம் மூணு மணிக்கு ஸ்கூல் பஸ் வரும். மூணேகாலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுவா. இறக்கித் தர்றதுக்கு ஒரு கிழவன் வேணுமில்லையா. தரையில சம்மணம் போட்டு, பாவாடையில கிடத்திக்கிட்டு, ச-ப-ப. நான் கண்ணை மூடிக்கிட்டு ஒத்துக்குத் தலையாட்டுவேன். நாலரைக்குத் திருப்பி மாட்டிடுவோம், உன் துணியாலயே துடைச்சு.

தந்தியில அழுத்துற உன் குச்சியைக் காணோம்னு வீடெல்லாம் கவுத்துப் போட்டியே, புதுசுக்கு ஆர்டர் போட்டுடாதே. அவ பென்சில் டப்பாவுல ரப்பருக்கு அடியில கிடக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே.