ஒன்பது போதாது என்றவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்து முடிப்பதற்குள் அவர் முந்தின நாள் தோல்விக்கு ஏழு காரணம் கண்டுபிடித்துவிடுவார். நடுவருக்குக் கண் தெரியவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பயிற்சியாளருக்குத் துணிச்சல் கிடையாது. போன வாரம் அதே பயிற்சியாளர் துணிந்ததால்தான் தோற்றோம் என்று இவரே சொன்னது வேறு விஷயம். அடுத்த சனிக்கிழமைவரை அந்த ஏழு காரணங்களும் பெட்ரோல் பங்க்கிலும், சர்ச் வாசலிலும், முடிவெட்டும் கடையிலும் விரிவாக விளக்கப்படும். எட்டாவது காரணம் ஒன்று உண்டு. எதிரணி நன்றாக ஆடியது என்பது. அது அவர் பட்டியலில் வராது.

அமெரிக்காவின் நடுவில், மக்காச்சோளக் காடாகக் கிடக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தில் இவரைப் பார்க்கலாம். பெயர் தேவையில்லை, ஊருக்கு ஆயிரம் பேர் இப்படி இருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய வயது. சிவப்புத் தொப்பி, சிவப்புச் சட்டை, சிவப்பு வண்டி. மேட்ச் நாளில் தொப்பிக்குப் பதிலாக ஃபோமில் செய்த சோளக்கதிர் ஒன்று தலையில் உட்காரும். வங்கி மேலாளராகவோ பல் டாக்டராகவோ ஓய்வு பெற்ற ஒருவர் சோளக்கதிரைக் கவிழ்த்துக்கொண்டு நடப்பதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நடப்பவர் தலையிலும் ஒன்று இருக்கும்.

அவருடைய பைத்தியத்துக்குப் பூகோளக் காரணம் உண்டு. மாநிலத்தின் ஜனத்தொகை மொத்தமே சுமார் 20 லட்சம்தான். பெரிய தொழில்முறை அணி எந்த விளையாட்டிலும் கிடையாது. இருப்பது ஒன்றுதான்: லிங்கன் நகரத்தில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, கார்ன்ஹஸ்கர்ஸ். அதன் மெமோரியல் ஸ்டேடியத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். மேட்ச் நடக்கும் சனிக்கிழமைகளில், ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான். 1962 நவம்பரிலிருந்து அங்கே ஒரு மேட்ச்சுக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. 400 மேட்ச்சுகளைத் தாண்டி ஓடுகிறது அந்தக் கணக்கு. மேற்குக் கோடியிலிருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. தோற்ற பிறகு அதே ஆறு மணி நேரம் திரும்பப் போக வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நம்மவருடைய இரண்டு சீட்டும் அப்பாவிடமிருந்து வந்தவை. உயிலில் முதல் பத்தியிலேயே அவை இருந்தன. நிலம் மூன்றாவது பத்தி.

இவரைக் கெடுத்தவர் ஒரு நல்ல மனிதர். டாம் ஆஸ்போர்ன் என்று பெயர். 1973 முதல் 1997 வரை 25 சீசன் பயிற்சியாளராக இருந்தார். குரலை உயர்த்தாத மனிதர். ஜெயித்தது 255 மேட்ச், தோற்றது 49. அந்த 25 சீசனில் ஒன்றில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே போனதில்லை. 1994, 1995, 1997 என்று மூன்று முறை தேசிய சாம்பியன் பட்டம். அதற்கு முன்பே, நம்மவர் அரைக்கால் சட்டையோடு அலைந்த 1970, 71லும் பாப் டெவானி என்ற பயிற்சியாளர் அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆக, விவரம் தெரிந்த நாளிலிருந்து நாற்பது வயதுவரை அவருக்குத் தோல்வி என்பது உறவினர் வீட்டுத் துக்கம் மாதிரி எப்போதாவது வருவது. ஒரு வருஷத்துக்கு ஒன்பது வெற்றி என்பது அவருக்குச் சாதனை அல்ல, தரைமட்டம்.

ஆஸ்போர்னுக்குப் பிறகு வந்த ஃபிராங்க் சோலிச் 2003இல் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வியோடு நின்றார். நம்மவர் வானொலி நேயர் நிகழ்ச்சிக்குப் போன் போட்டார். "ஒன்பதெல்லாம் ஒரு வெற்றியா? வேறு ஆள் பாருங்கள்" என்றார். இவர் சொன்னதனால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோலிச் அனுப்பப்பட்டார். அடுத்த வருஷமே ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961க்குப் பிறகு நெப்ராஸ்கா வெற்றியைவிட அதிகம் தோற்ற முதல் சீசன் அது.

பாடம் படித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? 2008இல் போ பெலினி வந்தார். ஏழு வருஷம் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் ஒன்பது அல்லது பத்து வெற்றி. ஆனால் முதல் ஆறு வருஷமும் தவறாமல் நாலு தோல்வியும் வைத்திருந்தார். அதிலும் ஒன்றிரண்டு பார்க்கச் சகிக்காத தோல்வி. ஆள் கோபக்காரர் வேறு, எல்லைக் கோட்டருகே நின்று நடுவரை நோக்கி அவர் போடும் சத்தத்தில் சோளம் உதிரும். நம்மவர் மறுபடியும் போனை எடுத்தார். 2014இல், ஒன்பது வெற்றி மூன்று தோல்வியில், பெலினியும் அனுப்பப்பட்டார். வாரத்தில் ஒருநாள் சாம்பாரில் உப்புக் கூடுகிறது என்று சமையல்காரரை நிறுத்திவிட்டு, அப்புறம் வருஷக்கணக்கில் ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்ட குடும்பம்தான் இது. 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு சீசன், வெற்றியைவிடத் தோல்வியே அதிகம்.

அந்த ஏழில் 2021 ஒரு தனி ரகம். அதைப் பற்றி அவரிடம் ஒரு காகிதமே இருக்கிறது, பர்ஸில் பேரன் படத்துக்குப் பின்னால். மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. ஒன்பதில் ஒன்றுகூடப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் இல்லை. இல்லினாயிடம் 8, ஓக்லஹோமாவிடம் 7, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 3, மிச்சிகனிடம் 3 என்று போகிறது பட்டியல். ஒன்பது தோல்விக்கும் சேர்த்து வித்தியாசத்தைக் கூட்டினால் 56 புள்ளி வருகிறது. அதே சீசனில் நார்த்வெஸ்டர்ன் என்ற அணியை நெப்ராஸ்கா 56-7 என்று அடித்துத் துவைத்தது.

"ஒரே நாளில் அடித்த 56, சார்!" என்பார் காகிதத்தைத் தட்டி. "அதைக் கொஞ்சம் பிரித்துப் போட்டு அடித்திருந்தால் போதும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!"

பிரித்துக் கொடுத்துவிட்டால் நார்த்வெஸ்டர்னிடம் 7-0 என்று தோற்றிருக்குமே என்று ஒருமுறை அவர் மனைவி கேட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இந்தச் சோதனைக் காலத்துப் பயிற்சியாளர் ஸ்காட் ஃபிராஸ்ட். நெப்ராஸ்கா மண்ணில் பிறந்த பிள்ளை. 1997 சாம்பியன் அணியில் ஆட்டத்தை நடத்திய குவாட்டர்பேக். மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியை 2017இல் 13-0 என்று தோல்வியே இல்லாமல் நடத்திவிட்டுத் தாய்வீடு திரும்பினார். அவர் வந்த அன்று நம்மவர் அழுதே விட்டார். முதல் சீசனின் முதல் ஆறு மேட்ச்சும் தோல்வி. மறுபடி அழுதார். 2022 சீசனின் முதல் மேட்ச் அயர்லாந்தில், டப்ளினில். நம்மவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். மூன்றாம் பகுதியில் நெப்ராஸ்கா 28-17 என்று முன்னால் நிற்கிறது. அப்போது ஃபிராஸ்டுக்கு ஒரு யோசனை. பந்தை நீளமாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டிய இடத்தில், குட்டையாக உதைத்துத் தாமே பிடித்துவிடலாம் என்று ஆன்சைட் கிக்குக்கு உத்தரவிட்டார். பந்து எதிரணிக்குப் போனது, மேட்ச்சும் அதன் பின்னாலேயே போனது. 31-28. எதிரணி எது என்று கேளுங்கள்: அதே நார்த்வெஸ்டர்ன்.

அன்று டப்ளின் ஸ்டேடியத்தில் இணையம் படுத்துவிட்டதால் கார்டு வாங்க வழியில்லாமல் பீரை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தப் பயணத்தில் தமக்குக் கிடைத்த ஒரே நியாயம் அதுதான் என்பார்.

அடுத்த மாதம் ஜார்ஜியா சதர்னிடம் 45-42. மறுநாளே ஃபிராஸ்டுக்குச் சீட்டுக் கிழிந்தது. இங்கே ஒரு கணக்கு. அக்டோபர் 1வரை பொறுத்திருந்தால் ஒப்பந்தப்படி 75 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பியிருக்கலாம். மூன்று வாரம் முன்னால் அனுப்பியதால் 1 கோடியே 50 லட்சம். மூன்று வாரம் அந்த முகத்தைப் பார்க்காமலிருக்க 75 லட்சம் டாலர் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். வேறு எந்தச் செலவிலும் பைசாவுக்குப் பைசா பார்க்கும் நம்மவர் இதில் மட்டும், "மலிவுதான்" என்றார்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். கால் படுவது எப்போதாவதுதான். நெப்ராஸ்காவின் தலைவிதி அந்த எப்போதாவதில் உட்கார்ந்திருக்கிறது. 2009இல் டெக்ஸாஸுடன் லீக் பட்டத்துக்கான மேட்ச். கடிகாரம் பூஜ்யம் காட்டிவிட்டது, நம்மவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தாயிற்று. நடுவர்கள் ரீப்ளே பார்த்து ஒரு நொடியைத் திரும்ப வைத்தார்கள். அந்த ஒரு நொடியில் டெக்ஸாஸ் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, 'ஃபீல்டு கோல்' போட்டு, 13-12 என்று ஜெயித்தது. கட்டிப்பிடித்த கை அப்படியே நின்றது. இதையாவது மன்னித்துவிடுவார். பக்கத்து மாநிலமான அயோவாவை அவரால் மன்னிக்க முடியாது. நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள் அவர்களோடு மேட்ச். 2018, 2019, 2023, 2024 நாலு வருஷத்திலும் கடைசி நொடியில் ஒரே உதையில் அயோவா வென்றது. கடைசி இரண்டிலும் ஸ்கோர்கூட ஒன்றே, 13-10. புதிதாக ஒரு தோல்வியைக் கண்டுபிடிக்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் இப்போது அந்த மேட்ச் முடியும்வரை மிச்ச வான்கோழியை யாரும் தொடுவதில்லை.

இவ்வளவு நொந்தவர் ஸ்டேடியத்தில் ரௌடி போல நடப்பார் என்று எண்ணினால் தப்பு. மேட்ச் முடிந்து எதிரணி வெளியேறும்போது எழுந்து நின்று கைதட்டுவது நெப்ராஸ்கா ரசிகர்களின் பழைய வழக்கம். அந்த வழக்கம் ஏற்பட்ட காலத்தில் தோற்றுப் போகிறவர்களுக்கான ஆறுதல் அது. இப்போது ஜெயித்தவர்களுக்கே தட்டித் தட்டி நம்மவருக்கு உள்ளங்கை காய்த்துவிட்டது. முதல் புள்ளி வந்ததும் சிவப்பு பலூன்களை வானத்தில் விடுவதும் ஒரு வழக்கமாக இருந்தது. 2022இல் ஹீலியம் தட்டுப்பாடு என்று நிறுத்திவிட்டார்கள். புள்ளி வரும்வரை பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கை வலி மிச்சம் என்று மனைவி சொல்கிறார். டிக்கெட் மிஞ்சாத அந்தச் சரித்திரத்துக்கே 2021இல் ஆபத்து வந்தபோது நன்கொடையாளர்கள் மிச்ச டிக்கெட்டுகளை வாங்கி வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நம்மவரும் நாலு டிக்கெட் வாங்கினார். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்றும் அதே அம்மாள்தான் கேட்டார்.

அவருடைய பல்கலைக்கழகத்தில் வெற்றிக்குப் பஞ்சம் என்று சொல்வதற்கில்லை. பெண்கள் வாலிபால் அணி ஐந்து முறை தேசிய சாம்பியன். 2023 ஆகஸ்ட் 30 அன்று அதே மெமோரியல் ஸ்டேடியத்தின் நடுவில் வலை கட்டி ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். பெண்கள் விளையாட்டு எதற்கும் உலகில் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை என்று அன்று அறிவித்தார்கள். நேர் செட்களில் வெற்றி. நம்மவர் தொண்டை கட்டும்வரை கத்தினார். வெளியே வரும்போது சீரியசாகவே கேட்டார்: "இந்தப் பெண்களில் யாருக்காவது ஃபீல்டு கோல் உதைக்க வருமா?"

இப்போதைய பயிற்சியாளர் மாட் ரூல், எட்டு வருஷத்துக்கு 7 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் வந்தவர். 2023இல் ஐந்து வெற்றி, மூன்று தோல்வி என்று அழகாக நின்றார். ஆறாவது வெற்றி கிடைத்தால் சீசன் முடிந்ததும் 'பௌல்' என்ற கௌரவ மேட்ச்சுக்கு அழைப்பு வரும். கையில் நாலு மேட்ச் இருந்தது. நாலும் தோல்வி. 2024இல் ஐந்து வெற்றி, ஒரு தோல்வி என்ற நிலையில் இண்டியானாவிடம் 56-7. அந்த எண்களை நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள். பர்ஸிலிருந்த காகிதத்தை அன்றிரவு எடுத்து மேஜை டிராயரில் வைத்தார். கடைசியில் விஸ்கான்சினை வென்று ஆறாவது வந்தது. டிசம்பரில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்று ஏழாவதும் வந்தது. ஏழுக்கு ஆறு! ஊரே வெடி வெடித்தது. நம்மவர் சோளக்கதிரோடு முற்றத்துப் பனியில் இறங்கி ஆடினார். மனைவி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். சோலிச் காலத்தில் வானொலிக்குப் போன் போட்டது அவருக்கு நினைவிருக்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், அந்த வானொலிப் போன்களுக்கு இந்த வனவாசத்தில் நிச்சயம் பங்கு உண்டு. ஒன்பது வெற்றியை உதைத்துத் தள்ளியவர்கள் ஏழுக்கு ஆடுகிறார்கள். என்றைக்காவது லிங்கன் பக்கம் போனால் இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். 1995 அணியைப் பற்றிக் கேளுங்கள். பன்னிரண்டு மேட்ச்சும் வெற்றி, இறுதியில் ஃப்ளோரிடாவை 62-24 என்று துவம்சம் செய்தது. அந்த அணியின் குவாட்டர்பேக் டாமி ஃபிரேசியர் தன்மேல் விழுந்தவர்களையெல்லாம் உதறிவிட்டு 75 கஜம் ஓடிய ஓட்டத்தை அவர் எழுந்து நின்று ஓடியே காட்டுவார். மேஜையிலிருக்கும் காப்பிக் கோப்பையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடுங்கள்.