எட்டு மலைக்கு ஒத்தக் கூடை

வாடா பேராண்டி, இப்புடி இஸ்தோப்புல ஒக்காரு. ரெண்டு போனையும் கீழ வையி. வையி, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு கோயில் பாறை மேல ஒரு வெளிச்சம் ஆடிக்கிட்டு இருந்திச்சி. ஒன் அப்பாயி கொள்ளிவாய்ப் பிசாசுன்னு துன்னூறைத் தூக்கிட்டா. "பிசாசு இல்லடி, நம்ம பேரன். சிக்னல் தேடுறான்"னேன். "பிசாசுன்னா விடிஞ்சா போயிருமே"ன்னு அவ பெருமூச்சு விடுறா.

ஆமா, மொத்தம் எத்தனை கடை போட்டிருக்க? பிளாக் ஒண்ணு, பேஸ்புக் பேஜ் ஒண்ணு, இன்ஸ்டகிராம், டிக்டொக், யூடியூப், எக்ஸு, த்ரெட்ஸு, வட்ஸ்அப் சேனலு. எட்டு. பதுளை டவுன் பஜார்ல பரம்பரை முதலாளிக்கே எட்டுக் கடை கெடையாது. அம்புட்டுக் கடை இருந்தும் ரீலோட் போட எங்கிட்ட வந்துதான் இருநூறு ரூவா கேக்குற.

கெழவனுக்கு என்னா தெரியும்னு சிரிக்கிறியா? இருபத்தெட்டு வருசம் தோட்டத்துத் தபால்காரன்டா நான். பூட்டுப் போட்ட பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பசறை ரோட்டுல மழையில நடந்தவன். பை ஒண்ணுதான். அதுக்குள்ள தொரைக்கு கொழும்புல இருந்து வந்த கடுதாசி, கணக்குப்பிள்ளைக்கு வந்த கல்யாணப் பத்திரிகை, சங்கத்து நோட்டீஸ், திருச்சிப் பக்கம் போய்ச் சேந்த சொந்தக்காரன் போட்ட ஏர்மெயில், எல்லாம் இருக்கும். ஒரே பையில வந்ததுக்காக ஒரே மாதிரியா குடுக்க முடியும்? தொரைக்கு பங்களா பின்வாசல்ல, மூச்சு விடாம. கணக்குப்பிள்ளைக்கு பல்லைக் காட்டிக்கிட்டு. எழுத்து தெரியாத கெழவிக்கு நானே பிரிச்சி வாசிச்சி, அழுகை வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்தி, அவ குடுக்கிற சாயத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன். நீ என்னா பண்ணுற? ஒரு கடுதாசிய எட்டுப் பிரதி எடுத்து எட்டு வீட்டுக் கதவுலயும் ஒட்டிட்டு ஓடியாந்துர்ற.

போன மாசம் தெமோதரை சுத்துப் பாதையப் பத்தி எழுதினியே, அது நல்ல எழுத்து. பொய் சொல்லல. ரயிலு மலையச் சுத்தி எறங்கி வந்து, விட்டுப் போன அதே ஸ்டேசனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துக்குள்ள நொழையிறத வாசிக்கிறப்ப எனக்கே தலை சுத்துச்சி. ஆனா அதையே அப்புடியே அள்ளி இன்ஸ்டகிராம் படத்துக்குக் கீழ கொட்டுன பாரு. அங்க வர்றவன் படம் பாக்க வர்றவன். மூணாவது வரியிலயே கும்பிட்டுட்டுப் போயிட்டான். எக்ஸுல அதைப் பதினேழு துண்டாக்கப் போறேன்னு ஆரம்பிச்ச. ஒம்பதாவது துண்டுல ரயிலு சுரங்கத்துக்குள்ள நிக்கிது, இன்னும் வெளிய வரல, தூங்கிட்ட போல. டிக்டொக்குல பாட்டைப் போட்டுட்டு நீயே முன்னால நின்ன. பின்னால ரயிலு போச்சாம். ஒன் தலைதான் மறைச்சிருச்சே!

ஒன் அப்பாயி நாப்பது வருசம் கொழுந்து எடுத்தவ, அவகிட்டக் கேளு. ஒரு மலையில கொழுந்து எடுத்தா அந்த மலைக்குத் திரும்பி வர ஏழெட்டு நாளாகும். அதுக்குள்ள வந்தா கொழுந்து இருக்காது, லேட்டா வந்தா முத்திப் போயிரும். அதுனால இன்னைக்கு இந்த மலை, நாளைக்கு அந்த மலைன்னு வரிசை இருக்கு. காலையில ஒரு மலையில ரெண்டு கொழுந்து, பத்து மணிக்கு அடுத்த மலையில ரெண்டு கொழுந்துன்னு எட்டு மலையிலயும் கூடையோட ஓடுறவளுக்கு சாயங்காலம் தராசுல அரைப்பேருதான் விழும், அரை நாள் சம்பளம்தான். கங்காணி வேற ஏசுவான். நீயும் திங்கக்கெழம பிளாக்கை எழுது. மறுநாள் அதுல இருந்து பேஸ்புக்குக்கு ஒரு துண்டு. வெள்ளிக்கெழம ஒரு படம். மத்ததெல்லாம் காடா கெடக்கட்டும்டா, கவ்வாத்து வெட்டின மலை சும்மாதான் கெடக்கும், செத்தா போயிருது?

இன்னொண்ணு சொல்றேன். பச்சைக் கொழுந்தப் பறிச்சி அப்புடியே கொதிக்க வச்சிக் குடிச்சிருக்கியா? ஒன் போஸ்ட்டு பாதி அந்த ருசிதான். ஸ்டோருக்குப் போற கொழுந்தை முதல்ல ராத்திரி முழுக்க வாட்டுவாங்க. வாடினாத்தான் ரோலர்ல சுருளும், வாடாதத சுத்துனா கூழாப் போயிரும். கோவம் வந்த ஒடனே எழுதுறியே, எழுது. ஒரு ராத்திரி வாடவிட்டு காலையில போடு. அரைச்சி, புளிக்க வச்சி, காய வச்ச பெறகு டீமேக்கர் சல்லடையில சலிப்பாரு. ஒரே கொழுந்துதான், ஒரு பக்கம் பி.ஓ.பி. விழும், ஒரு பக்கம் பி.ஓ.பி.எஃப். விழும், அடியில டஸ்ட் விழும். எதையும் வீசுறதில்ல. பெருசா விழுந்தத பிளாக்குல வையி, நடுத்தரம் பேஸ்புக்குக்கு. அடியில கெடக்கிற ஒத்த வரி வட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு. டஸ்ட்டுன்னு எளப்பமா நெனைக்காத, கடும் சாயம் குடுக்கிறது அதுதான். நம்ம லயத்துல குடிக்கிறதும் அதுதானே.

தெனமும் போட்டாத்தான் பேஸ்புக் கம்பெனிக்காரன் நாலு பேருக்குக் காட்டுவான்னு பொலம்புற. ஆடி ஆவணியில கச்சான் காத்து அடிக்கிறப்ப என்னா நடக்குது? தென்மேற்கு மழையெல்லாம் அந்தப் பக்கத்து மலைக்குப் போயிரும், நம்ம பக்கம் காஞ்ச காத்து மட்டும் வரும். கொழுந்து சுணங்கிச் சுணங்கி வளரும், கூடை நெறையாது. ஆனா ஊவாத் தேயிலைக்கு ஒரு வாசம் ஏறுறது அந்த மாசங்கள்லதான். கொழும்பு ஏலத்துல அதுக்குத்தான் வெலை கூடும். மழைக் காலத்துல மூட்டை மூட்டையாப் போறதுக்கு அந்த வெலை வருமா? அதைக் கேட்டுச் சொல்லு.

விளம்பரம் பண்ணாதன்னு நான் சொல்லல. தம்பத்தன மலை உச்சிக்கு எல்லாரும் ஏறிப் போயி செல்பி எடுக்கிறீங்களே, லிப்டன் ஒக்காந்த எடம்னு, அந்த மனுசன் யாருன்னு தெரியுமா? 1881ல கிளாஸ்கோவுல ராட்சசப் பாலாடைக்கட்டிக்குள்ள தங்கக் காசை ஒளிச்சி வச்சி வித்தவன். ஊரே வரிசையில நின்னிச்சி. ஆனா விக்கிறதுக்கு அவன்கிட்ட கட்டி இருந்திச்சிடா! 1890ல இங்க வந்து தோட்டம் வாங்கி, தேயிலையில தன் பேரைப் போட்டு வித்தான். ஒங்கிட்ட தங்கக் காசு மட்டும்தான் இருக்கு, கட்டியக் காணோம்.

லைக்கு எண்ணுறத சொன்னா கோவிச்சிக்குவ. எங்க காலத்துலயும் அந்த வியாதி இருந்திச்சி. இலங்கை வானொலிக்கு பாட்டுக் கேட்டு தபால் அட்டை போடுவாங்க, அறிவிப்பாளரு வாயால நம்ம பேரு வரணும்னு. அத்தனை அட்டையும் என் பையிலதானே போகும்? தொங்கல் லயத்துல ஒரு பய இருந்தான், ஒரே கையெழுத்துல இருபது பேரு போட்டு இருபது அட்டை எழுதுவான். இப்ப நீங்க அதுக்கு ஃபேக் ஐடின்னு நாகரிகமாப் பேரு வச்சிருக்கீங்க. கடைசியில ஒரு நாயித்துக்கெழம அவன் பேரு வந்திச்சி. அன்னைக்குப் பாத்து அவன் வீட்டு ரேடியோவுல பெட்டரி செத்துப் போச்சி. நாங்க எல்லாரும் கேட்டோம், அவன் மட்டும் கேக்கல. இன்னும் நம்ப மாட்டேங்குறான்.

இப்ப சொல்லப் போறதக் கொஞ்சம் காதுல வாங்கு, சிரிக்காத. இருநூறு வருசமா இந்த மலையில லயக் காம்பராவுல இருக்கிறோம். வெள்ளையடிச்சோம், வாசல்ல கோலம் போட்டோம், சாமி படம் மாட்டினோம். காணி உறுதி இருக்கா? இல்ல. 1975 வரைக்கும் வெள்ளைக்காரன் கம்பெனி. பெறகு அரசாங்கம் எடுத்திச்சி. 1992ல மறுபடி கம்பெனிக்காரங்ககிட்ட நடத்தக் குடுத்தாங்க. ரெண்டு தடவை போர்டு மாறுச்சி, லயத்துக் கூரை மட்டும் மாறல. ஒன் பேஸ்புக் பேஜும் ஒரு லயக் காம்பராதான்டா. நீ வெள்ளையடிக்கிற, சொவரு அவனுது. ஆர்குட்டுன்னு ஒரு பெரிய லயம் இருந்திச்சாம், 2014ல இடிச்சிட்டாங்க. கூகுள் பிளஸ்ஸை 2019ல பூட்டினாங்க. டுவிட்டருக்கு 2023ல பேரையே மாத்தி, குருவியத் தொரத்திட்டாங்க. குடியிருந்தவனை ஒரு வார்த்தை கேட்டாங்களா?

அதுக்கு மேல நம்ம நாட்டுக் கூத்து இருக்கு. 2018 மார்ச்சுல கண்டிப் பக்கம் கலவரம்னதும் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் நிப்பாட்டினாங்க. 2019ல உயிர்த்த ஞாயிறு குண்டுக்குப் பெறகு நிப்பாட்டினாங்க. 2022 ஏப்ரல்ல ஊரடங்கோட சேத்து நிப்பாட்டினாங்க. எட்டுக் கடையில ஏழு கடை ஒரே ராத்திரியில இழுத்து மூடுனா, நீ எங்க நின்னு கூவுவ? 2015க்குப் பெறகு ஏழு பேர்ச் காணியில தனி வீடுன்னு வந்தப்ப நம்ம சனம் ஏன் அப்புடித் துடிச்சிச்சின்னு நெனைச்சிப் பாரு. ஒன் பிளாக்குதான் அந்த ஏழு பேர்ச். சின்னதா இருந்தாலும் அங்க வீட்டைக் கட்டு, மத்த எடத்துல எல்லாம் வழி காட்டுற பலகைய மட்டும் நடு. பிளாக்ஸ்பாட்டும் தொர காணிதானேன்னு கேப்ப, கெட்டிக்காரன். ஆமா. ஆனா மூட்டை கட்டிக்கிட்டு வெளிய வர வழி வச்சிருக்கான், எழுதின அத்தனையையும் ஒரே ஃபைலா எறக்கிக்கலாம். மாசம் ஒரு தடவை எறக்கி வையி. சொந்தப் பேருல ஒரு முகவரியும் வாங்கு.

காசு குடுத்து நீல டிக்கு வாங்கியிருக்கியாமே, நீ நீதான்னு காட்டுறதுக்கு? நான் பொறந்தது 1948. அந்த வருசமே சட்டம் போட்டு நம்ம சனத்தோட பிரஜா உரிமையப் பறிச்சாங்க. மிச்சமிருந்தவங்களுக்கு அதைத் தீத்து வைக்க 2003ல இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்திச்சி. டிக்குக்குக் காத்துக் கெடந்த பரம்பரைடா நம்மளுது. நீ ரெண்டு நிமிசத்துல வாங்கிட்ட. வாழ்க.

எட்டு வாய் இருந்தா பொய்யும் எட்டு வாயில போகும், அதையும் பாத்துக்க. ஒரு தடவை கேதம் சொல்லப் போனவன் பேரை மாத்திச் சொல்லிட்டான். மூணு லயத்துல ஒப்பாரி, தப்பு மேளம் கூட வந்திருச்சி. செத்ததாச் சொன்ன கெழவி பீலியில குளிச்சிட்டு ஈரத் தலையோட வந்து, "யாருக்குடி அழுகுறீங்க?"ங்குறா. அவளும் கொஞ்ச நேரம் சேந்து அழுதா. அது மூணு லயத்தோட போச்சி. கொஸ்லந்தை மீரியபெத்தயில 2014 ஒக்டோபர் 29 காலையில மலை எறங்கினது ஒனக்கு ஞாபகம் இருக்கும், சின்னப் பயலா இருந்த. லயம் லயமா மண்ணுக்குள்ள போச்சி. அங்க ஆபத்துன்னு வருசக்கணக்கா முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்க, எழுதினது போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரல. இப்ப ஒவ்வொரு மழைக்கும் பழைய மண்சரிவுப் படத்தை யாரோ அனுப்புறான், நீயும் எட்டு எடத்துலயும் தள்ளுற. எந்த மலை, எந்தத் தேதின்னு போடாத படத்தைத் தொடாத. தவறிப் போட்டுட்டா எட்டு எடத்துலயும் ஏறிப் போயி நீயேதான் அழிக்கணும்.

சிக்னலுக்கு மரம் ஏறுறதக் கேலி பண்ணல நான். 2021ல கொரோனா நேரம் லுணுகலைப் பக்கம் பிள்ளைங்க படிக்கிறதுக்கு மலை உச்சியில மரத்து மேல குடில் கட்டி ஏத்துனாங்களே, அது எழுத வேண்டிய கதை. நீ அதை எழுதல. ஒம்பது வளைவுப் பாலத்துலதான் நின்னுக்கிட்டு இருந்த.

சரி எந்திரி, நமுனுகுல தலையில மப்பு ஏறுது, மழை வரப் போகுது. ஏன் நிக்கிற, இருநூறு ரூவாவா? தர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம லயத்து வட்ஸ்அப் குரூப்புல இருந்து போன கெழம என்னை யாரோ தூக்கிட்டான். தாமரைப் பூவுல காலை வணக்கம் போட்டது ஒரு குத்தமா? ஒரு நாளைக்குப் பதினாலுதான் போட்டேன். அட்மின் யாருன்னு நாலு பேருகிட்ட விசாரிச்சேன், எல்லாரும் ஒன் பேரைச் சொல்றாங்க. முதல்ல என்னைத் திருப்பிச் சேத்து விடு, பெறகு காசு.