நீல டப்பாவின் நதிமூலம்

2002 கடைசியில் அமெரிக்கக் கடைகளில் ஒரு நீல-கறுப்பு டப்பா வந்து உட்கார்ந்தது. நாமகரணம்: லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. பின்னால் இரண்டு ஆன்டெனா. வீட்டுக்குள் வைஃபை விடுவதைத் தவிர அதற்கு வேறு லட்சியம் கிடையாது.

2003 மார்ச்சில் நெட்வொர்க் சாமான் விற்கும் சிஸ்கோ, லிங்க்சிஸ் கம்பெனியையே சுமார் 50 கோடி டாலருக்கு வளைத்துப் போடுவதாக அறிவித்தது. கணக்கு வழக்கெல்லாம் பார்த்தார்கள். நதிமூலம் பார்க்கவில்லை. ஜூனில் குட்டு வெளிப்பட்டது: டப்பாவுக்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம்!

லினக்ஸ் இலவசம்தான். ஆனால் அதன் ஜிபிஎல் உரிமத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. லினக்ஸைப் போட்டு ஒரு சாமானை விற்றால், கேட்பவர்களுக்கு மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். லிங்க்சிஸ் கொடுக்கவில்லை. கிளறிப் பார்த்தால் சிப் பிராட்காம் கம்பெனியுடையது. நிரல் எழுதியது தைவானின் சைபர்டான் கம்பெனி. ஊரான் வீட்டு நெய்யை மூன்று கை மாற்றிப் பரிமாறியிருக்கிறார்கள். நெய்க்காரன் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் முனகிவிட்டு நிரலை வெளியிட்டார்கள்.

அதற்குள் டப்பாவில் இன்னொரு ஓட்டையும் அகப்பட்டது. அமைப்புப் பக்கத்தில், இன்னொரு கணினி பதில் சொல்கிறதா என்று ‘பிங்’ செய்து பார்க்க ஒரு கட்டம். முகவரிதான் எழுத வேண்டும். ஆனால் லினக்ஸ் கட்டளையை எழுதினாலும் டப்பா மறுபேச்சில்லாமல் நிறைவேற்றியது. அவ்வளவு நல்ல பிள்ளை! அந்த வழியாகப் புகுந்து ‘பூட் வெயிட்’ என்ற அமைப்பை முடுக்கிவிட்டால், மின்சாரம் கொடுத்ததும் டப்பா சில விநாடி காத்து நிற்கும். அந்த இடைவெளியில் டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை மூலம் நம் ஃபர்ம்வேரை, அதாவது டப்பாவை இயக்கும் நிரலை, உள்ளே தள்ளிவிடலாம்.

வெளிவந்த மூலநிரலை வைத்து 2004-ல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ஃபர்ம்வேர் பிறந்தது. பெயரிலேயே டப்பாவின் இனிஷியல். ஃபர்ம்வேர் விற்க ஸ்வியாசாஃப்ட் என்றொரு கடையும் கிளம்பியது: வருஷத்துக்கு 20 டாலர் சந்தா; வாங்கியதை ஊருக்கு விநியோகித்தால் சந்தா ரத்து. ஜிபிஎல் சரக்குக்கே மதில் சுவர் கட்டிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். அதன் நிரலை எடுத்தே ஒரு ஜெர்மன்காரர் டிடி-டபிள்யூஆர்டி என்ற இன்னொரு ஃபர்ம்வேர் செய்தார். ‘டிடி’ என்பது டிரெஸ்டன் நகரத்து வண்டி நம்பர் எழுத்து.

டிடி-டபிள்யூஆர்டியில் சமிக்ஞை வலுவைக் கூட்ட ஓர் எண் கட்டம் இருந்தது. 28 மில்லிவாட் என்று சாதுவாக நிற்கும். 251 வரை ஏற்றலாம். ஏற்றலாம் என்று எழுதியிருந்தால் நம் ஆட்கள் ஏற்றாமல் விடுவார்களா? சிப் கொதித்தது, பக்கத்து வீட்டு வைஃபை திணறியது, ஏற்றியவர் வீட்டு மாடியில் மட்டும் அப்போதும் சிக்னல் இல்லை. மடிக்கணினியின் குட்டி ஆன்டெனாவும் திருப்பிக் கத்த வேண்டுமே! அதை யார் யோசித்தார்கள்?

ஃபர்ம்வேர் ஏற்றுவது பாதியில் நின்றால் டப்பா செங்கல். அதற்கும் பரிகாரம் வைத்திருந்தார்கள்: ரீசெட் பொத்தானை 30 விநாடி அமுக்கு, கையை எடுக்காமல் மின்சாரத்தைப் பிடுங்கி 30 விநாடி, மறுபடி கொடுத்து 30 விநாடி. ஒன்றரை நிமிஷம் ஒரே விரல் தவம். பலிக்காவிட்டால் மூடியைக் கழற்றி, ஃபிளாஷ் சிப்பின் 15, 16-ஆம் கால்களைக் குண்டூசியால் இணைக்கும் உக்கிர பூஜை.

2005-ல் லிங்க்சிஸ் சிக்கனம் பிடித்தது. ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் அவுட், விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளம் இன். ஃபிளாஷ் 4 மெகாபைட்டிலிருந்து 2, ராம் 16-லிருந்து 8. ரசிகர்கள் கொதித்ததும், பழைய சரக்கையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடலாக்கி விற்றார்கள். அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்த லினக்ஸ், கடைசியில் அவர்களுக்கே விற்பனைச் சரக்கு!

அந்த ஜிஎல் 2016-லும் கடையில் கிடைத்தது. அதற்குள் ஓபன்டபிள்யூஆர்டி கொழுத்துவிட்டிருந்தது. தனக்குப் பெயர் கொடுத்த டப்பாவின் 16 மெகாபைட் ராமில் அதன் புதுப் பதிப்புக்கு மூச்சு முட்டியது.