குனிதலும் குறிப்பேடும்

ஆட்டக்காரரின் புகழ் காலால் வருவது. பயிற்சியாளரின் புகழ் வாயால் வருவது. ஜப்பான் கால்பந்து அணியின் பயிற்சியாளரும் முன்னாள் நடுக்கள ஆட்டக்காரருமான ஹாஜிமே மொரியாசுவின் இணையப் புகழ் இவ்விரண்டாலும் வந்ததன்று. அது விரலாலும் இடுப்பாலும் வந்தது. விரல் என்றது அவர் எழுதியதை. இடுப்பு என்றது அவர் குனிந்ததை.

விரலை முதற்கண் கொள்வோம். பிற பயிற்சியாளர்கள் கத்தும் நேரத்தில், களத்தோரம் நின்று சிறு குறிப்பேட்டில் எழுதுவது மொரியாசுவின் வழக்கம். கத்தாரில் நடந்த 2022 உலகக் கோப்பையில், நவம்பர் 23 அன்று, மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கிய தோவானும் அசானோவும் ஆளுக்கொரு கோல் அடிக்க, ஜெர்மனி 1-2 என வீழ்ந்தது. அன்றே ஏடு புகழ் பெற்றது. பெயரை எழுதினால் அப்பெயருக்கு உரியவன் மாளும் 'டெத் நோட்' சித்திரக்கதை ஏட்டோடு அதனை ஒப்பிட்டனர். ஒப்புமை முழுமையானதன்று. ஏடெழுதும் வழக்கம் உள்ளபோதே கோஸ்டாரிகாவிடம் அணி 0-1 எனத் தோற்றது. ஏட்டின் ஆற்றல் ஐரோப்பியரிடம் மட்டுமே செல்லும் எனின், பின்னர் ஜப்பானை வெளியேற்றிய குரோஷியா இடறும்.

இவ்விடத்து உள்ளங்கையும் ஆராயத்தக்கது. கருத்தைச் சட்டென மாற்றுவதை ஜப்பானியர் 'தெனொஹிரா கயெஷி' என்பர். உள்ளங்கையைத் திருப்புதல் என்பது பொருள். போட்டிக்கு முன் அவரை நீக்கச் சொன்ன கைகள் ஜெர்மனி ஆட்டத்தில் ஒருமுறை திரும்பின. நவம்பர் 27 அன்று கோஸ்டாரிகாவால் மறுமுறை. டிசம்பர் 1 அன்று ஸ்பெயினை 2-1 என வென்றதால் மூன்றாம் முறை. எட்டு நாளில் மூன்று திருப்பம். ஸ்பெயின் ஆட்டம் முடிகையில் ஜப்பானில் டிசம்பர் 2 விடிந்துவிட்டமையால் ஒன்பது எனக் கொள்ளலும் ஆகும். மூன்று ஒற்றைப்படை எண். ஆதலால் கை புகழ்ச்சியின் பக்கமே நின்றது.

இனி இடுப்பு. டிசம்பர் 5 அன்று குரோஷியாவுடன் 1-1 என நின்ற ஆட்டம் பெனால்டியில் 1-3 எனக் கைநழுவியது. மொரியாசு ரசிகர் மாடத்தின் முன் சென்று குனிந்தார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. ஜப்பானிய வணக்கம் மூவகைப்படும்: 15 பாகை குனிவது எஷாகு, 30 கெய்ரெய், 45 சாய்கெய்ரெய். மொரியாசு இம்மூன்றிலும் அடங்கவில்லை. அவர் முதுகு ஏறத்தாழ நிலத்துக்கு இணையாயிற்று. அதனை இரண்டு சாய்கெய்ரெய் என்றோ, மூன்று கெய்ரெய் என்றோ, ஆறு எஷாகு என்றோ கூறுவது கணக்கில் சரி, மரபில் பிழை. அவர் குனிந்தது ஒருமுறையே.

அதே கத்தாரில், 1993 அக்டோபர் 28 அன்று, அவர் ஜப்பான் ஆட்டக்காரராகக் களத்துள் நின்றார். ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் ஈராக் அடித்த கோலால் ஆட்டம் 2-2 ஆனது. 1994 உலகக் கோப்பை வாய்ப்புப் போயிற்று. 'தோஹா துயரம்' என்று அதற்குப் பெயர். அன்று அவர் எந்தக் கோணத்தில் நின்றார் என்பதை யாரும் அளக்கவில்லை.

2022 டிசம்பர் 28 அன்று ஜப்பான் கால்பந்துச் சங்கம் அவரையே மீண்டும் பயிற்சியாளராக அமர்த்தியது. ஓர் உலகக் கோப்பை முடிந்த பின்னும் தொடர்ந்து அப்பதவியில் நீடித்த முதல்வர் அவரே.